கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு: வாசகர் கேள்வி பதில்

கணினிக் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கும்போது ஏற்படும் இடர்ப்பாடுகளை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து, அதாவது தமிழும் மலையாளமும் ஒரே விசைப்பலகையில் தட்டச்சாகும் ஊர்களிலிருந்து, கடிதங்கள் மிகுதியாக வந்துள்ளன. அவற்றில் ஏழு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் பாசன விவசாயிகள் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளையும் வாய்க்கால் தண்ணீர் முறைக் கணக்குகளையும் உபுண்டு லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியில் வைத்திருக்கிறேன். என் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வந்தபோது, தன் பழைய ஆப்பிள் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்த குறிப்புகளை வீட்டு வைஃபை வழியாக என் கணினிக்கு மாற்றிக் கொடுத்தான். இப்போது ஒரே கோப்புறைக்குள் ‘கொழிஞ்சாம்பாறை’ என்ற ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டும் வேறுபாடு தெரியவில்லை. முனையத்தில் பெயரைத் தட்டச்சு செய்து திறந்தால் ஒன்றுதான் திறக்கிறது. இது நச்சுநிரலின் வேலையா? (விவசாயி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: நச்சுநிரல் இல்லை; அச்சம் வேண்டாம். இரு பெயர்களின் பைட் எண்களையும் (பைட் என்பது 0 முதல் 255 வரை மதிப்புள்ள சேமிப்பு அலகு) எடுத்து அனுப்புமாறு தங்களிடம் கேட்டிருந்தேன். தாங்கள் அனுப்பியதைப் பார்த்தவுடன் காரணம் விளங்கிவிட்டது. புள்ளிக்குப் பின்வரும் நீட்டிப்பை விட்டுவிட்டு எண்ணினால், முதல் பெயரில் 42 பைட்டுகளும் இரண்டாவது பெயரில் 45 பைட்டுகளும் உள்ளன. அந்த மூன்று பைட் வேறுபாடு ‘கொ’ என்ற முதல் எழுத்துக்குள் இருக்கிறது.

பள்ளியில் ‘கொ’ எழுதக் கற்றபோது ஒற்றைக்கொம்பு போட்டு, ‘க’ எழுதி, துணைக்கால் சேர்த்தோம். கணினி வரிவடிவத்தைச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒருங்குறி (யூனிகோடு) தரம் கொடுத்திருக்கும் எண்ணை, அதாவது குறியெண்ணைச் சேமிக்கிறது. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 2944 முதல் 3071 வரையிலான 128 எண்கள். ‘க’வின் எண் 2965. அதற்குப் பின் ஒகரத்தைக் குறிக்க இரண்டு வழிகள் உள்ளன. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறிக்கு 3018 என்ற ஒரே எண் உண்டு. அல்லது ஒற்றைக்கொம்புக்கு உரிய 3014, துணைக்காலுக்கு உரிய 3006 ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் எழுத்துரு இரண்டையும் ‘கொ’ என்றே வரைந்து காட்டுகிறது. தங்கள் முதல் கோப்பில் அந்த எழுத்து 224, 174, 149, 224, 175, 138 என்ற ஆறு பைட்டுகளாக இருக்கிறது. இரண்டாவதில் 224, 174, 149, 224, 175, 134, 224, 174, 190 என்ற ஒன்பது பைட்டுகளாக இருக்கிறது. மற்ற ஆறு எழுத்துகளும் இரு பெயர்களிலும் ஒன்றே.

இவ்விரு வடிவங்களும் சமமானவை என்று ஒருங்குறித் தரம் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் முறைக்கு இயல்பாக்கம் என்று பெயர். சேர்த்து எழுதுவது ஒரு வடிவம், பிரித்து எழுதுவது இன்னொரு வடிவம். தமிழில் இந்த இரட்டை நிலை நான்கு குறியெண்களுக்கு மட்டுமே உண்டு: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, தனி ‘ஔ’. ஆகவே ‘பாலக்காடு’ என்ற பெயர் ஒருபோதும் இரண்டாகாது. ‘கொழிஞ்சாம்பாறை’, ‘கோபாலபுரம்’, ‘கோயம்புத்தூர்’ ஆகியவை இரண்டாகக்கூடும்.

தரம் சமம் என்று சொல்லியும் கணினி ஏன் அவற்றை வேறாகக் கருதுகிறது என்பதே தங்கள் கேள்வியின் உட்பொருள். இதற்கு ஒவ்வோர் இயங்குதளமும் ஒவ்வொரு வகையில் விடை சொல்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலுக்குக் கோப்புப் பெயர் என்பது எழுத்தே அன்று. அது ஒரு பைட் வரிசை. சுழியம் என்ற மதிப்பும், சாய்கோட்டுக்கு உரிய 47 என்ற மதிப்பும் பெயருக்குள் வரக்கூடாது என்பது மட்டுமே அதன் விதி. யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் இந்த விதியை மனத்தில் வைத்துத்தான் 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யுடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தை, அதாவது குறியெண்களைப் பைட்டுகளாக எழுதும் முறையை வகுத்தார்கள். அதில் ஆங்கில எழுத்துகளுக்கு அப்பாற்பட்ட எந்த எழுத்தை எழுதினாலும் அதன் எல்லாப் பைட்டுகளும் 128 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புடையவை. எனவே சுழியமோ 47ஓ அவற்றுக்குள் தற்செயலாகக்கூட வாராது. தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாத கருநிரல் தமிழ்ப் பெயரை ஒரு பைட்டும் சிதையாமல் காத்துவருவதற்கு இந்த ஏற்பாடே காரணம், அதன் நேர்த்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. ஆனால் பைட்டுகளை மட்டுமே பார்க்கும் அந்தக் கருநிரலுக்கு 42 பைட் பெயரும் 45 பைட் பெயரும் இரு வேறு பெயர்களே.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 1993இல் வெளிவந்தபோதே பெயர்களை ஒருங்குறியில் சேமித்தது. அது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது என்றாலும், இயல்பாக்கம் செய்வதில்லை. ஆகவே தங்களுக்கு நேர்ந்தது விண்டோஸிலும் நேரும். ஆப்பிள் மட்டும் வேறு வழியில் சென்றது. 1998இல் வந்த அதன் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற முறைமை, கொடுக்கப்படும் பெயரைப் பிரித்த வடிவத்துக்கு மாற்றியே வட்டில் எழுதும். தங்கள் அண்ணன் மகன் ‘கொ’ என்பதை எப்படித் தட்டச்சு செய்திருந்தாலும் அவருடைய பழைய கணினி அதைக் கொம்பு, கால் என்று பிரித்து வைத்திருக்கும். வைஃபை வழியாக நகலெடுத்தபோது அந்தப் பிரித்த வடிவமே தங்கள் லினக்ஸில் வந்து அமர்ந்தது. 2017இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் என்ற புதிய முறைமை, கொடுத்த பெயரைக் கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது மட்டும் இரு வடிவங்களையும் சமமாகக் கருதுகிறது. எல்லா முறைமைகளும் முதலிலேயே இவ்வாறு செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. லினக்ஸிலும் 2019 முதல், ஈஎக்ஸ்டி4 முறைமையில் விருப்பத் தேர்வாக இத்தகைய ஒப்பீட்டை இயக்க வழி உண்டு. ஆனால் வழக்கமான நிறுவலில் அது இயங்குவதில்லை.

இனிச் செய்யவேண்டியது. முதலில் இரண்டு கோப்புகளையும் திறந்து பாருங்கள். பெயர் ஒன்றாகத் தெரிவதால் உள்ளடக்கமும் ஒன்று என்று எண்ணி ஒன்றை அழித்துவிட வேண்டாம். பிறகு அண்ணன் மகன் கொடுத்த கோப்பின் பெயரை முழுவதுமாக அழித்துவிட்டு, தாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் விசைப்பலகையில் வேறொரு பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். ஆண்டையோ மாதத்தையோ சேர்த்தால் போதும். இதே போன்ற பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் கையால் மாற்றத் தேவையில்லை. லினக்ஸில் ‘கான்வ்-எம்வி’ என்ற கருவி, ஒரு கோப்புறையிலுள்ள எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். அது முதலில் என்னென்ன மாறும் என்று காட்டிவிட்டு, தனியே ஆணையிட்டால்தான் உண்மையில் மாற்றும் என்பதால் நம்பிப் பயன்படுத்தலாம். ஓர் எச்சரிக்கை: இரண்டு கோப்புகளையும் பெயர் மாற்றாமல் ஆப்பிள் கணினிக்கு நகலெடுக்க வேண்டாம். அங்கே இரண்டும் ஒரே பெயர் என்பதால் ஒன்று மற்றொன்றின் மேல் எழுதப்பட்டுவிடக்கூடும்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? கோப்புப் பெயர்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டால் பாதுகாப்பு அல்லவா? (ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், மீனாட்சிபுரம்)

பதில்: அப்படிச் செய்தால் ஒரு தொல்லை போய் இன்னொன்று வரும். கொழிஞ்சாம்பாறையை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லி நான்கு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றவர் ஈரெழுத்தாலும் எழுதுவார், றகரத்தை ஒருவர் ஒற்றையாகவும் மற்றவர் இரட்டித்தும் எழுதுவார், கடைசி ஐகாரத்தை ஒருவர் அகரமாகவே முடித்துவிடுவார். பத்தாண்டுகள் கழித்துத் தேடும்போது எந்த எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தினோம் என்பது வைத்தவருக்கே நினைவிருக்காது. தமிழில் அந்த ஊருக்கு ஓர் எழுத்துக்கூட்டல்தான். மேலே சொன்ன நான்கு குறியெண்களில் மட்டும் கவனம் வைத்தால் தமிழ்ப் பெயர் எல்லா இயங்குதளங்களிலும் நிலைக்கும். இன்றைய விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள், ஆண்ட்ராய்டு ஆகிய அனைத்தும் தமிழ்ப் பெயரை ஏற்கின்றன. வேறு வழியின்றி ஆங்கிலத்துக்குச் செல்லவேண்டிய ஓர் இடம் உண்டு. அதைப் பின்வரும் ஒரு கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: வீட்டில் விண்டோஸ் கணினியில் தயாரித்த வினாத்தாளைப் பள்ளியில் உள்ள லினக்ஸ் கணினிக்கு நகலெடுக்க முயன்றால், பெயர் மிக நீளமாக இருக்கிறது என்று மறுக்கிறது. வீட்டில் ஏற்ற பெயரைப் பள்ளியில் ஏன் மறுக்கிறது? பெயர் இது: ‘கல்வியாண்டு அரையாண்டுத் தேர்வு எட்டாம் வகுப்பு தமிழ் இரண்டாம் தாள் வினாத்தாள் திருத்தப்பட்ட இறுதி வடிவம்’. (தமிழ் ஆசிரியை, சித்தூர்)

பதில்: கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனம் வழங்கும் உபுண்டு அடிப்படையிலான லினக்ஸ் பரவலாக இருப்பதால், வீட்டில் விண்டோஸ் வைத்திருக்கும் ஆசிரியர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். இரு இயங்குதளங்களும் 255 என்ற ஒரே எண்ணைத்தான் வரம்பாக வைத்திருக்கின்றன. எதை எண்ணுகின்றன என்பதில்தான் வேறுபாடு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பதினாறு பிட் அலகுகளை எண்ணுகிறது. ஒரு தமிழ்க் குறியெண் ஓர் அலகு. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 பைட்டுகளை எண்ணுகிறது. யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியெண் மூன்று பைட். எனவே லினக்ஸில் 255 பைட் என்பது தமிழுக்கு 85 குறியெண்கள் மட்டுமே.

அவையும் 85 எழுத்துகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள், பதினைந்து பைட்டுகள். உயிர்மெய்யும் மெய்யும் மலிந்த நம் மொழியில் எழுத்தொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு குறியெண்கள் ஆகிவிடுகின்றன. முதல் கேள்வியில் கண்ட கொழிஞ்சாம்பாறை ஏழெழுத்து, சரியாகப் பதினான்கு குறியெண்கள். தங்கள் வினாத்தாளின் பெயரை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு சொற்கள், 93 தமிழ்க் குறியெண்கள், இடையில் 11 வெற்றிடங்கள். விண்டோஸின் கணக்கில் அது 104. வரம்பில் பாதிகூட ஆகவில்லை. லினக்ஸின் கணக்கில் 93ஐ மூன்றால் பெருக்கி 11ஐக் கூட்ட 290 ஆகிறது; வரம்பைத் தாண்டிவிட்டது. ‘திருத்தப்பட்ட இறுதி வடிவம்’ என்ற மூன்று சொற்களை நீக்கினால் 215 பைட்டுகளில் அடங்கிவிடும். நீட்டிப்பைச் சேர்த்தாலும் இடர் இல்லை. அந்த மூன்று சொற்களையும் ஒரு கோப்புறையின் பெயராக வைத்து அதற்குள் வினாத்தாளை வைப்பது இன்னும் நல்லது, ஏனெனில் இந்த 255 என்ற வரம்பு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே பொருந்துவது. கோப்புறையின் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றாகக் கூட்டப்படுவதில்லை. விண்டோஸில் மட்டும், வட்டின் எழுத்திலிருந்து கோப்பின் நீட்டிப்பு வரையிலான முழுப் பாதையும் 260க்குள் அடங்கவேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு பல செயலிகளில் இன்னும் இருப்பதால், கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கிக்கொண்டே செல்வதைத் தவிர்க்கவும்.

இதனுடன் தொடர்புடைய ஒரு செய்தி. பழைய நிலப் பத்திரங்களைக் கணினியில் ஏற்றுவோர் மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகளைப் பெயரில் சேர்க்க விரும்பக்கூடும். அக்குறிகள் 2019இல் வெளியான ஒருங்குறி 12ஆம் பதிப்பில்தான், தமிழ்த் துணைத் தொகுதி என்ற பெயரில் வேறோர் இடத்தில் சேர்க்கப்பட்டன. அவை ஒவ்வொன்றும் லினக்ஸில் நான்கு பைட்டுகளும் விண்டோஸில் இரண்டு அலகுகளும் எடுத்துக்கொள்ளும். அவற்றை வரைந்து காட்டும் எழுத்துருக்கள் குறைவு என்பதால் பெரும்பாலான கணினிகளில் வெறும் கட்டங்களாகவே தெரியும். பெயரில் அவற்றைத் தவிர்த்து, ஆவணத்தின் உள்ளே மட்டும் பயன்படுத்துவதே இப்போதைக்கு உகந்தது.

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் திருமண அழைப்பிதழுக்கான கோப்புகளை ஜிப் செய்து அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் பெயர்கள் எல்லாம் கிரேக்க எழுத்தும் இரட்டைக் கோணக் குறிகளுமாக இருக்கின்றன. கோப்புகள் கெட்டுவிட்டனவா? (அச்சக உரிமையாளர், வேலந்தாவளம்)

பதில்: கெடவில்லை. தாங்கள் அனுப்பிய படத்தில் ஆல்ஃபா எழுத்து ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் தவறாமல் வருவதைப் பார்க்கிறேன். அதுவே நோயைக் காட்டும் நாடி. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியெண் எதுவாயினும் முதல் பைட் 224, இரண்டாவது பைட் 174 அல்லது 175. 1981இல் வந்த ஐபிஎம் கணினியின் 437 என்ற பழைய எழுத்துப் பட்டியலில் 224 என்பது ஆல்ஃபா, 174உம் 175உம் இரட்டைக் கோணக் குறிகள். அனுப்பியவரின் கணினி பெயர்களை யுடிஎஃப்-8இல் சரியாகவே எழுதியிருக்கிறது. தங்கள் செயலி அவற்றை 437 பட்டியலின்படி படித்திருக்கிறது.

ஜிப் வடிவம் டாஸ் காலத்தைச் சேர்ந்தது. பெயர்கள் யுடிஎஃப்-8இல் உள்ளன என்று அறிவிப்பதற்கான ஓர் அடையாள பிட் அதன் தரத்தில் 2006இல்தான் சேர்க்கப்பட்டது. அந்த பிட்டை ஏற்றாமல் பெயரை மட்டும் யுடிஎஃப்-8இல் எழுதிவிடும் செயலிகள் பல இருக்கின்றன. பெறுபவரின் செயலி பழைய பட்டியலையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே சிதைந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். பிரித்த கோப்புகளை நீக்கிவிட்டு, மூல ஜிப் கோப்பை வேறொரு செயலியில், பெயர்களின் குறியேற்றம் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து மீண்டும் பிரியுங்கள்; பெயர்கள் தமிழில் வந்துவிடும். உள்ளடக்கத்துக்கு இதனால் எந்தச் சேதமும் இல்லை. மூல ஜிப் கோப்பை மட்டும் அதுவரை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: நெல் கொள்முதல் கணக்குக்காகப் பல ஆண்டுகளாக ஒரு பழைய மென்பொருளை விண்டோஸில் பயன்படுத்துகிறோம். தமிழ்ப் பெயருள்ள கோப்புகளை அது வெறும் கேள்விக்குறிகளாகக் காட்டுகிறது, திறக்கவும் மறுக்கிறது. அதே கணினியில், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த காலத்துக் கோப்புகளின் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உள்ளன. இரண்டும் ஒரே சிக்கலா? (அரிசி ஆலைக் கணக்கர், கோபாலபுரம்)

பதில்: இரண்டும் வேறு வேறு. விண்டோஸில் செயலிகள் கோப்பைக் கேட்பதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று ஒருங்குறி வாசல். மற்றொன்று, ஒரு நேரத்தில் ஓர் எழுத்துப் பட்டியலை மட்டும் அறிந்த பழைய வாசல். ரஷ்ய மொழிக்கும் அரபு மொழிக்கும் அந்தப் பழைய வாசலில் தனிப் பட்டியல்கள் இருந்தன. தமிழுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. விண்டோஸ் தமிழை ஒருங்குறி வழியாக மட்டுமே ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் லதா எழுத்துருவுடன் அது வந்தது. எனவே பழைய வாசலில் நின்று கேட்கும் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாகக் கேள்விக்குறியே கொடுக்கப்படுகிறது. அந்தக் கேள்விக்குறிப் பெயரைக் கொண்டு அது திரும்பவும் கோப்பைக் கேட்கும்போது, கேள்விக்குறி விண்டோஸில் பெயருக்குள் வரக்கூடாத குறி என்பதால், அப்படி ஒரு கோப்பு கிடைக்காமல் போகிறது. கோப்பின் உண்மைப் பெயர் வட்டில் தமிழிலேயே பத்திரமாக இருக்கிறது.

முன்னர்ச் சொன்ன ஆங்கிலப் பெயர் தேவைப்படும் இடம் இதுதான். அந்த ஒரு மென்பொருள் திறக்கவேண்டிய கோப்புகளுக்கு மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் பெயர் வையுங்கள். கோப்பின் பெயர் மட்டும் போதாது. அது இருக்கும் கோப்புறைகளின் பெயர்களும் அவ்வாறே இருக்கவேண்டும். விண்டோஸில் பயனர் கணக்கைத் தமிழ்ப் பெயரில் தொடங்கியிருந்தால், ஆவணங்கள் செல்லும் பாதையிலேயே தமிழ் புகுந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அத்தகைய கணினியில் வட்டின் முதல் நிலையிலேயே தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கிக்கொள்வது எளிய வழி. பழைய வாசலையே யுடிஎஃப்-8க்கு மாற்றும் சோதனை நிலை அமைப்பு ஒன்று விண்டோஸ் 10இல் 2018 முதல் உண்டு. ஆனால் அது கணினி முழுவதையும் பாதிக்கும் என்பதால், கணக்கு மென்பொருள் ஓடும் கணினியில் அதை முயன்று பார்க்க நான் சொல்லமாட்டேன்.

பாமினிக் கோப்புகளின் கதை வேறு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் என்பது தோற்றத்தில் மட்டுமே இருந்தது. ஆங்கில எழுத்தின் எண்ணை வைத்துக்கொண்டு அதன்மேல் தமிழ் வடிவம் வரையப்பட்டிருந்தது. ஆவணத்துக்குள் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம். கோப்புப் பெயருக்கு எழுத்துரு தேர்ந்தெடுக்க முடியாது, அதை இயங்குதளம் தன் சொந்த எழுத்துருவிலேயே காட்டும். ஆகவே அடியில் இருந்த ஆங்கில எழுத்துகள் அப்படியே வெளியே தெரிகின்றன. அந்த எழுத்துருவில் ஈகாரம், ‘சிறியது’ என்பதைக் குறிக்கும் கோணக் குறியின் இடத்தில் அமர்ந்திருந்தது. விண்டோஸில் அந்தக் குறி பெயருக்குள் வரக்கூடாது. ‘ஈரோடு’ என்று பெயர் கொடுக்க முயன்று, ஏன் மறுக்கப்படுகிறது என்று புரியாமல் அந்நாளில் தவித்தவர்கள் உண்டு. என் அச்சக நண்பர்களின் மேசையில் அதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர்களை, பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றியில் இட்டு, வரும் தமிழ்ப் பெயரை ஒட்டிக்கொள்ளலாம். பல கோப்புகளில் பெயரின் முதற்பகுதியே எஞ்சியிருக்கும் என்பதால், ஆவணத்தைத் திறந்து பார்த்த பிறகு பெயரிடுவது தவறைத் தவிர்க்கும்.

கேள்வி: அட்சய என்ற அரசு இணையச் சேவை மையத்தில் வேலை செய்கிறேன். மலையாளப் பெயர்களில் உள்ள சில கோப்புகள் கண்ணெதிரே இருந்தும், அதே பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் கிடைப்பதில்லை. மலையாளத்திலும் தமிழைப் போலவே கொம்பு, கால் சிக்கல்தானா? (வாசகி, வாளையாறு)

பதில்: அதுவும் மலையாளத்தில் உண்டு, ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் தமிழைப் போலவே அங்கும் பிரியும். ஆனால் தாங்கள் குறிப்பிடும் பெயர்களில் பெரும்பாலானவை சில்லெழுத்தில் முடிகின்றன. ஆகவே காரணம் அங்கே இருக்கிறது. தமிழில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் போதும். மலையாளத்திலோ ன், ண், ர், ல், ள் ஆகிய ஒலிகள் சொல்லின் முடிவில் தனி வடிவம் பெறுகின்றன. தொடக்கத்தில் ஒருங்குறியில் இவ்வடிவங்களுக்குத் தனி எண் இல்லை. மெய், அதன்பின் சந்திரக்கலை (நம் புள்ளிக்கு இணையான குறி), அதன்பின் கண்ணுக்குத் தெரியாத இணைப்பி ஆகிய மூன்றையும் சேர்த்துச் சில்லு எழுதப்பட்டது. 2008இல் வந்த 5.1ஆம் பதிப்பு, அரிதாக வழங்கும் ககரச் சில்லையும் சேர்த்து ஆறு சில்லெழுத்துகளுக்குத் தனி எண்கள் கொடுத்தது. அன்று முதல் இரண்டு வகையான எழுத்தும் புழக்கத்தில் இருக்கின்றன.

இங்கே கொம்பு, கால் விவகாரத்தைவிடக் கடினமான ஒரு நிலை இருக்கிறது. பழைய சில்லும் புதிய சில்லும் சமமானவை என்று ஒருங்குறித் தரம் அறிவிக்கவில்லை. எனவே இயல்பாக்கம் செய்தாலும் ஒன்று மற்றொன்றாக மாறாது. ஆப்பிளின் புதிய முறைமையும் அவற்றை இரு பெயர்களாகவே கருதும். தங்கள் மையத்தில் ஒரு கணினி பழைய விசைப்பலகையையும் மற்றொன்று புதியதையும் கொண்டிருக்கக்கூடும். எல்லாக் கணினிகளிலும் ஒரே விசைப்பலகையை நிறுவுவதே உறுதியான வழி. பழைய கோப்புகளைத் தேடும்போது சில்லுக்கு முந்தைய எழுத்து வரை மட்டும் தட்டச்சு செய்து தேடினால் இரு வகையும் அகப்படும்.

தமிழிலும் இத்தகைய, தரத்தால் சமமாக்கப்படாத இரட்டைகள் இரண்டு உண்டு. ‘கௌரி’ என்ற பெயரில் ஔகாரக் குறியைப் போடாமல், ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு எழுதுவோர் மிகப் பலர். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் பின்னது உண்மையில் ‘கெ’, ‘ள’, ‘ரி’ என்று படிக்கப்படவேண்டிய பிழை. மற்றொன்று ‘ஸ்ரீ’. இது வழக்கமாக 3000 என்ற எண்ணுள்ள ஸகரத்தைக் கொண்டு தொடங்குகிறது. 2005இல் 2998 என்ற எண்ணில் ஶகரம் சேர்க்கப்பட்ட பிறகு, அதைக் கொண்டும் அதே கூட்டெழுத்து எழுதப்படுகிறது. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாக வரைகின்றன. கோயில் விழா அழைப்பிதழ்களும் பஜனைப் பாடல்களும் நிறைந்த கோப்புறைகளில் ‘ஸ்ரீ’யில் தொடங்கும் பெயர் தேடிக் கிடைக்கவில்லை என்றால், அடுத்த சொல்லைக் கொண்டு தேடுங்கள்.

கேள்வி: என் பாட்டுத் தொகுப்பில் கோப்புகள் அகர வரிசையில் வரவில்லை. ‘ழ’வுக்குப் பின் ‘வ’ வருகிறது, ‘ன’ எங்கோ நடுவில் இருக்கிறது. ஏன்? (கல்லூரி மாணவர், பாலக்காடு)

பதில்: தங்கள் செயலி குறியெண் வரிசையில் அடுக்குகிறது. ஒருங்குறியில் ஜகரம் சகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னும் அமைந்திருக்கின்றன. புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது. ஆகவே ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போய்விடும். அகராதி வரிசைக்குத் தனி அட்டவணை வேண்டும். கணினியின் மொழி அமைப்பைத் தமிழ் என்று மாற்றினால், அந்த அட்டவணையை மதிக்கும் கோப்பு மேலாளர்கள் அதன்படி அடுக்கும். பாட்டுப் பெட்டியிலோ காரிலோ செருகும் பென் டிரைவுக்கு அந்த வசதி இருக்காது. அங்கே ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 01, 02 என்று இரட்டை இலக்க எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நூறு பாட்டுக்கு மேல் இருந்தால் 001 என்று தொடங்குங்கள்.